சிம்பாங் ரெங்கம் சிறையில் தம்பி: பார்க்கப் போவது எப்படி, அவன் வந்து இருக்க வீடு எங்கே?

லயத்துவீட்டுக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில், ஜொகூர் ரெங்கம் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் இருக்கிறோம். என் தம்பிக்குத் தண்டனை ஆகி, இப்போது சிம்பாங் ரெங்கம் சிறையில் இருக்கிறான். அவன் செய்தது தப்பு. அதை நியாயப்படுத்த நான் இங்கே வரவில்லை.

வழக்கு நடந்தபோது எல்லாம் வக்கீல் பார்த்துக்கொண்டார். இப்போது அம்மாவும் நானும் அண்ணியும்தான் (தம்பி மனைவியை நாங்கள் வீட்டில் அண்ணி என்றே கூப்பிடுவோம், அவள் மூத்தவள்) முட்டி மோதிக்கொண்டிருக்கிறோம். பார்க்கப் போக முன்பதிவு செய்ய வேண்டும் என்கிறார்கள். எப்படி? பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா? அம்மா புளிச்சோறு கட்டிக்கொண்டு போகலாமா என்று தினமும் கேட்கிறார்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய கவலை. தம்பி பழம் வெட்டும் வேலையில் இருந்தான். லயத்து வீடு, அதாவது தோட்டத்து வரிசை வீடு, அவன் பேரில்தான் கொடுத்தது. வேலை போய்விட்டதால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கிராணி (தோட்ட அலுவலகக் கணக்கர்) மூலமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அண்ணியும் இரண்டு பிள்ளைகளும் எங்கே போவார்கள்? அவன் திரும்பி வந்தால் எங்கே வருவான்? இதில் அனுபவம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

குளுவாங்வாசி எழுதியது:

அக்கா, முதலில் பார்க்கப் போகும் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மச்சான் வேறொரு சிறையில் இருந்தபோது நான்தான் எல்லாம் பதிவு செய்வேன். நடைமுறை எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

சிறைச்சாலை இலாகாவுக்கு ஐ-விசிட் என்று இணையத்தில் ஒரு பதிவு முறை இருக்கிறது. உங்கள் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்துக் கணக்குத் திறந்து, தம்பியின் விவரத்தைச் சேர்த்து, நாளும் நேரமும் தேர்வு செய்ய வேண்டும். அதற்கு அவனுடைய கைதி எண் வேண்டும். பாடான் நம்பர் என்று கேட்பார்கள். அதை ஒரு தாளில் எழுதி அம்மாவின் பர்ஸில் வைத்துவிடுங்கள். கடிதம் போட்டாலும் பணம் கட்டினாலும் யாரிடம் என்ன கேட்டாலும் முதலில் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். நேரில் போக முடியாதவர்களுக்கு வீடியோ வழியாகப் பார்க்கும் ஏற்பாடும் உண்டு. கோவிட் காலத்தில் அதுதான் எங்களுக்குக் கை கொடுத்தது.

விசாரணைக் கைதிகளை அடிக்கடி பார்க்கலாம். தண்டனை ஆனவர்களுக்கு அந்த அளவுக்கு வாய்ப்பு இல்லை. அதனால் கிடைக்கிற ஒரு தடவையை வீணாக்கக் கூடாது. யார் உள்ளே போவது என்று முன்னமே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். வாசலில் நின்றுகொண்டு நீயா நானா என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அசல் அடையாள அட்டை கட்டாயம். பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரம் அல்லது மைகிட் (பிள்ளைகளுக்கான அடையாள அட்டை). கைப்பேசி, பை எல்லாம் வெளியிலேயே பெட்டகத்தில் வைத்துவிட வேண்டும். அரைக்கால் சட்டை, கையில்லாத சட்டை, சிலிப்பர் வேண்டாம். அம்மா சேலை கட்டிக்கொண்டு போகலாம், ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

சாதாரணச் சந்திப்பில் நடுவில் கண்ணாடி இருக்கும், இந்தப் பக்கம் ஒரு டெலிபோன், அந்தப் பக்கம் ஒரு டெலிபோன். ஒருத்தர்தான் பேச முடியும். என் மாமியார் காது மந்தம் என்பதால் முதல் தடவை ரிசீவரை வைத்துவிட்டுக் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். மச்சான் அந்தப் பக்கம் தன் கையை வைத்தான். நேரம் முடியும்வரை அப்படியே நின்றார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் அம்மாவுக்கும் காது சரியாகக் கேட்காது என்றால் பெயர் பதியும்போதே அதிகாரியிடம் சொல்லி வையுங்கள்.

புளிச்சோறு முடியாது அக்கா. வெளியே சமைத்த எதையும் உள்ளே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவன் பேரில் பணம் கட்டலாம், அதை வைத்து உள்ளே கேன்டீனில் சோப்பு, பிஸ்கட் மாதிரி வாங்கிக்கொள்வான். எவ்வளவு, எப்படிக் கட்டுவது என்பதை முதல் தடவை போகும்போது கவுண்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இடையில் யாராவது “நான் உள்ளே கொடுத்துவிடுகிறேன்” என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் அப்படி ஏமாந்தார்.

தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு சமயங்களில் சிறப்புச் சந்திப்புக்குத் தனியாக அறிவிப்பு வரும். அதை விட்டுவிடாதீர்கள்.

வேன்காரர் எழுதியது:

நான் லாயாங் லாயாங் பக்கம் பள்ளி வேன் ஓட்டுகிறேன். வார இறுதியில் வாடகைக்கும் போவேன்.

குளுவாங்கில் ரயில் இறங்கியோ ஜொகூர் பாருவின் லார்க்கின் நிலையத்திலிருந்து பஸ் பிடித்தோ வருகிறவர்களுக்கு அங்கிருந்து சிறை வாசல்வரை போவதுதான் தலைவலி. பெரும்பாலும் வயதான அம்மாக்கள். சில பேர் சிறைக்குப் போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள். பட்டணத்துக்குள் எங்கேயாவது இறக்கிவிடச் சொல்லி, வண்டி போன பிறகு வெயிலில் நடப்பார்கள். ஒரு அம்மா கையில் குடையும் பிளாஸ்டிக் பையும் வைத்துக்கொண்டு போனதை நான் திரும்பி வரும்போது பார்த்தேன். வண்டியை நிறுத்தி ஏறச் சொன்னேன். “மகனைப் பார்க்கத்தான் போறேன் தம்பி, வெளியே சொல்லிடாதே” என்றார். எனக்கு மனசே ஆறவில்லை.

இரண்டு மூன்று குடும்பம் ஒரே நாளில் நேரம் எடுத்தால் நான் எண்ணெய்க் காசுக்கே கூட்டிப் போய் காத்திருந்து கூட்டி வருகிறேன். முன்கூட்டியே சொன்னால் போதும். யார், எங்கே போகிறார்கள் என்பது என் வாயிலிருந்து வராது.

மூணாம்_டிவிஷன் எழுதியது:

மன்னிக்கவும், எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். என் அண்ணன் கடையில் பாராங்கத்தியோடு புகுந்து அடித்துப்போட்டுப் பணத்தை எடுத்துப் போனார்கள். அண்ணனுக்கு இன்னும் இடது கை முழுதாக மடங்காது. செய்தவர்களில் ஒருவன் நம் ஆள், பக்கத்துத் தோட்டம். அவன் குடும்பத்துக்குக் கோயில் கமிட்டி அரிசி கொடுத்தது. என் அண்ணன் மருத்துவமனையில் கிடந்தபோது யாரும் எட்டிப் பார்க்கவில்லை. உள்ளே போனவனுக்கு வேன், வக்கீல், பரோல். அடி வாங்கியவனுக்கு என்ன இருக்கிறது? அக்கா மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இதையும் யாராவது பேச வேண்டும்.

முன்னாள்_ஆசிரியர் எழுதியது:

மூணாம் டிவிஷன் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. உங்கள் அண்ணனை எட்டிப் பார்க்காதது இந்த ஊரின் குற்றம். கமிட்டியில் அப்போது நானும் இருந்தேன், வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். அரிசி கொடுத்தது தப்பில்லை. உங்கள் வீட்டுக்குப் போகாததுதான் தப்பு.

ஆனால் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளியில் பல காலம் இருந்தேன். நம் ஜொகூர் மாநிலத்தில் அப்பாவைக் காணவில்லை என்றால் ஒரு பதில் ரெடியாக இருக்கும்: “அப்பா சிங்கப்பூரில் வேலை.” பாதி வகுப்புக்கு அது உண்மையாகவும் இருக்கும் என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அந்தப் பொய்யைச் சொல்லிக் கொடுப்பது வீட்டுப் பெரியவர்கள். சுமப்பது பிள்ளை. சனி ஞாயிறு எல்லார் அப்பாவும் பாலம் தாண்டி வரும்போது தன் அப்பா மட்டும் ஏன் வரவில்லை என்று அது ஒரு காரணம் கட்ட வேண்டும், அப்புறம் அதற்கு இன்னொரு காரணம். மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் இதனாலேயே பேசுவதையே குறைத்துவிட்டான். கடைசியில் அவன் பாட்டி ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டார். அடுத்த வாரம் என்னிடம் வந்து, “சார், எங்கப்பா மெலிஞ்சிட்டாரு” என்றான். அதற்குப் பிறகுதான் அவன் பழையபடி ஆனான்.

ஆகவே பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்றால், போங்கள் அம்மா. போகும் முன்பே கண்ணாடி இருக்கும், தொட முடியாது, மணி அடித்தால் கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். வகுப்பாசிரியர் ஒருவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லி வையுங்கள்.

குளுவாங்கில் மாவட்டச் சமூகநல இலாகா இருக்கிறது. பிள்ளைகளுக்கான மாதாந்திர உதவித்தொகைக்கு உங்கள் அண்ணி அங்கே விண்ணப்பிக்கட்டும். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், அண்ணியின் அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, அப்புறம் கணவர் சிறையில் இருப்பதற்கான உறுதிக் கடிதம். அந்தக் கடிதத்தைச் சிறை அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டும். பார்க்கப் போகும் அன்றே கேட்டுவிட்டால் அலைச்சல் மிச்சம்.

லயத்துவீட்டுக்காரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூணாம் டிவிஷன் தம்பி, உங்கள் அண்ணன் கதையைப் படித்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் தம்பி வழக்கில் யாருக்கும் காயம் இல்லை, ஆனால் அதைச் சொல்லித் தப்பிக்க மாட்டேன். பொருளைப் பறிகொடுத்தவர் வீட்டுக்கு அம்மா போய் மன்னிப்புக் கேட்டார். கதவைத் திறக்கவில்லை. அது அவர்கள் உரிமை.

வீட்டு விஷயம் பற்றி யாரும் சொல்லவில்லையே? மாதக் கடைசிக்குள் சாவியைக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

பேக்கரிக்காரன் எழுதியது:

நான் உள்ளே இருந்து வந்தவன். எந்தச் சிறை என்று சொல்லவில்லை.

அக்கா, வீட்டைப் பற்றிக் கவலைப்படுவது சரியான கவலை. காரணம் சொல்கிறேன். ஒரு மாதத்துக்கு மேல் தண்டனை என்றால் ஒழுங்காக இருப்பவனுக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். மூன்று வருடம் என்றால் இரண்டு வருடத்தில் வெளியே. அதற்கும் முன்னால் பரோல் இருக்கிறது, அதாவது மீதிக் காலத்தை அதிகாரியின் கண்காணிப்பில் வெளியே கழிப்பது. 2008 இல் சட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்தார்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ தண்டனை பெற்று, பாதியை முடித்திருக்க வேண்டும். சில வகைக் குற்றங்களுக்குக் கிடையாது. பரோல் வாரியம் முடிவு செய்வதற்கு முன்னால் ஓர் அதிகாரி வீட்டுக்கு வருவார். யார் இருக்கிறார்கள், ஏற்றுக்கொள்கிறார்களா, எங்கே தங்குவான், என்ன வேலை என்று பார்ப்பார். என் வீட்டுக்கு வந்தபோது சமையல்கட்டு வரைக்கும் வந்து அம்மாவிடம் பேசினார். என்னோடு இருந்த தோட்டத்துப் பையன் ஒருவனுக்கு எல்லாம் சரியாக இருந்தது, ஒழுக்கத்தில் குறை இல்லை. ஆனால் அப்பா வேலையிலிருந்து நின்று லயத்தைக் காலி செய்துவிட்டதால் கொடுக்க முகவரியே இல்லை. அத்தை வீட்டில் கேட்டான், அவர்கள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நான் கிளம்பும்போது அவன் உள்ளேதான் இருந்தான்.

நம் தோட்டத்து ஆட்களுக்கு இது தனிப் பிரச்சினை. வீடு நம்முடையது இல்லை, வேலையோடு ஒட்டியது. வேலை போனால் முகவரி போகும், முகவரி போனால் பரோல் கையைவிட்டுப் போகும். ஆகவே தம்பி பாதித் தண்டனையை எட்டும் முன்பே, உங்கள் வீடோ சித்தப்பா வீடோ யார் வீடோ, ஒரு நிலையான முகவரியைக் குடும்பமாகப் பேசி முடிவு செய்யுங்கள். வீட்டில் உள்ள எல்லாரும் சம்மதித்திருக்க வேண்டும். அதிகாரி வந்து கேட்கும்போது ஒருத்தர் முகத்தைச் சுளித்தாலும் தெரிந்துவிடும்.

உள்ளே என்ன செய்கிறான் என்று அம்மா கவலைப்படுவார். முதலில் கட்டொழுங்கு, அணிவகுப்பு, அப்புறம் ஒழுக்க வகுப்பு, அப்புறம் கைத்தொழில். நான் ரொட்டி போடக் கற்றுக்கொண்டேன். தச்சு, தையல் எல்லாம் உண்டு. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதாதவர்கள் உள்ளே இருந்தே எழுதலாம். தம்பி எந்தப் பிரிவு கேட்கலாம் என்று யோசித்தால், வெளியே வந்தால் உங்கள் ஊரில் எதற்கு ஆள் தேடுகிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள். தோட்டங்களே ஆள் இல்லாமல் திண்டாடுகின்றன. சிறை இலாகாவும் பரோல் ஆட்களை நிறுவனங்களில் வேலைக்கு வைக்கும் திட்டம் நடத்துகிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். பார்க்க ஆள் வராதவன் எப்படி இருப்பான் என்று நான் கண்ணால் பார்த்தேன். சந்திப்பு நாளில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். தன் பெயர் வராது என்று தெரிந்தும் சட்டையைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்திருப்பான். அப்படிப்பட்டவனைத்தான் கும்பல் முதலில் சேர்த்துக்கொள்ளும். சோப்பு கொடுக்கும், சிகரெட் கொடுக்கும், வெளியே வந்தால் வாசலில் கார் அனுப்பும். மூணாம் டிவிஷன் அண்ணே, உங்கள் அண்ணனை அடித்தவன் திரும்பி வந்து இன்னொருத்தரை அடிக்காமல் இருக்க வேண்டும் என்றால், அந்தக் காருக்கு முன்னால் அவன் அம்மா நிற்க வேண்டும். அதற்குத்தான் வேன். வேறு எதற்கும் இல்லை.

சட்டமாணவி எழுதியது:

சில விஷயங்களைச் சேர்க்கிறேன், இனிமேல் படிப்பவர்களுக்கும் உதவும்.

போலீஸ் லாக்கப்பும் சிறையும் வேறு வேறு. கைது செய்து 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 117 ஆவது பிரிவின்படி, 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றம் என்றால் மாஜிஸ்திரேட் போலீஸ் காவலுக்கு விடுவது முதலில் 4 நாள்வரை, அப்புறம் 3 நாள்வரை. 14 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 7 நாள், இன்னொரு 7 நாள். அது போலீஸ் கையில் இருக்கும் ரிமாண்டு காலம், அங்கே ஐ-விசிட் செல்லாது. குற்றம் சாட்டப்பட்டு ஜாமீன் கட்ட முடியாமல் போனால்தான் சிறைக்கு விசாரணைக் கைதியாக அனுப்புவார்கள்.

வக்கீலுக்கு வசதி இல்லாத குடிமக்களுக்குத் தேசியச் சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. 2012 முதல் ரிமாண்டு, ஜாமீன், வழக்கு எல்லாவற்றுக்கும் வக்கீல் அனுப்புகிறார்கள். குடிமக்களுக்கு என்பதைக் கவனியுங்கள். தோட்டங்களில் இன்னும் குடியுரிமை இல்லாமல், நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் பெரியவர்கள், ஏன் இளைஞர்கள்கூட இருக்கிறார்கள். அவர்கள் வக்கீல் மன்றத்தின் சட்ட உதவி மையத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

தீர்ப்பு நாளில் ஒன்றை மறக்காதீர்கள். தண்டனையைக் கைதான தேதியிலிருந்து கணக்கிடும்படி வக்கீல் நீதிமன்றத்தைக் கேட்கலாம். ஜாமீன் இல்லாமல் பல மாதம் உள்ளே இருந்தவனுக்கு இது பெரிய வித்தியாசம். பலர் பதற்றத்தில் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

உள்ளே ஏதாவது குறை என்றால், 1995 ஆம் ஆண்டுச் சிறைச் சட்டப்படி சிறைகளைப் பார்வையிட வெளியாட்களான வருகை நீதிபதிகள் உண்டு. கைதி நேரடியாக அவர்களிடம் சொல்லலாம். சுஹாகாம் மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம்.

வீட்டைப் பற்றி: தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், 1990 இல் வந்தது, வீடு எப்படி இருக்க வேண்டும் என்றுதான் பேசுகிறது. வேலை போன பிறகும் இருக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. அதனால் சண்டை போடுவதைவிட அவகாசம் கேட்டு எழுதுங்கள். அண்ணி அதே தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியுமா என்று கேளுங்கள். வீடு அவர் பேருக்கு மாறிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

முன்னாள்_ஆசிரியர் எழுதியது:

இந்தக் கடைசி யோசனை நல்லது. நர்சரியிலும் உரம் போடவும் பெண்களை எடுக்கிறார்கள். மானேஜரைப் பார்க்க நானும் வருகிறேன்.

இளையவர்களுக்கு ஒரு தகவல். இதே சிம்பாங் ரெங்கத்தில்தான் ஒரு காலத்தில் விசாரணையே இல்லாமல் ஆட்களைத் தடுத்து வைத்திருந்தார்கள். 1969 ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டப்படி அமைச்சர் கையெழுத்துப் போட்டால் இரண்டு வருடம், அதை மறுபடியும் நீட்டிக்கலாம். அந்தக் குடும்பங்களுக்கு விடுதலைத் தேதி என்று ஒன்றுமே கையில் இல்லை. 2011 இல் நாடாளுமன்றம் அவசரகாலப் பிரகடனத்தை ரத்து செய்த பிறகுதான் அந்தச் சட்டத்துக்கு முடிவு வந்தது. நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் அப்போது அங்கே இருந்தார்கள். பட்டணத்துக் கடைக்காரர்களுக்கு அந்த அம்மாக்களின் முகம் எல்லாம் தெரியும், ஆனால் உட்காரச் சொல்லி ஒரு தேநீர் கொடுத்தவர்கள் குறைவு. ஊர் இன்னும் அப்படியே இருக்க வேண்டுமா?

மூணாம்_டிவிஷன் எழுதியது:

பேக்கரிக்காரர் சொன்னதை இரண்டு தடவை படித்தேன். உள்ளே போய் வந்தவனைக் கடையில் வேலைக்கு வைப்பாயா என்று கேட்டால் இன்னும் என்னிடம் பதில் இல்லை. அண்ணன் தினமும் அந்தக் கல்லாவுக்குப் பின்னால்தான் உட்காருகிறார். ஆசிரியர் ஐயா, முடிந்தால் ஒருநாள் வந்து அவரைப் பாருங்கள், அவருக்கு அது வேண்டும்.

அக்காவின் தம்பி பிள்ளைகள் அவனோடு சேர்ந்து தப்புச் செய்யவில்லை. தோட்டத்தை விட்டுப் போக வேண்டி வந்தால் பள்ளி மாறாமல் இருக்க வேன் செலவு எவ்வளவு என்று வேன்காரர் எனக்குத் தனியாகச் சொல்லட்டும்.

வேன்காரர் எழுதியது:

தனிச்செய்தி அனுப்பிவிட்டேன்.

லயத்துவீட்டுக்காரி எழுதியது:

ஆசிரியர் ஐயாவும் நானும் மானேஜரைப் பார்த்தோம். அவகாசம் கொடுத்திருக்கிறார். அண்ணி நர்சரி வேலைக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள், பிரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) வரச் சொல்லியிருக்கிறார்கள். வீடு அவள் பேருக்கு மாறுமா என்பது பிறகு தெரியும். மாறாவிட்டால் எங்கள் வீட்டு முகவரிதான். என் வீட்டுக்காரரும் மாமியாரும் சரி என்று சொல்லிவிட்டார்கள்.

ஐ-விசிட்டில் நேரம் கிடைத்துவிட்டது. அம்மாவும் பெரியவனும் போகிறார்கள். ஒரு சந்தேகம். கைதானபோது தம்பியின் அடையாள அட்டை எங்கேயோ காணாமல் போய்விட்டது என்கிறான். வெளியே வரும்போது அது இல்லாமல் என்ன செய்வது?

பேக்கரிக்காரன் எழுதியது:

அதை இப்போதே ஆரம்பியுங்கள் அக்கா. நானும் அட்டை இல்லாமல் வந்தேன். வங்கிக் கணக்குத் திறக்க முடியவில்லை, வேலைக்கு எடுத்தவர் சம்பளத்தைப் போட வழியில்லாமல் இருந்தார். போலீஸ் எடுத்து வைத்த பொருள் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அம்மா பார்க்கப் போகும்போது சிறையின் நல அதிகாரியிடம் சொல்லட்டும். பிறப்புப் பத்திரத்தின் நகலைக் கையில் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

லயத்துவீட்டுக்காரி எழுதியது:

பிறப்புப் பத்திரம் அம்மாவின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. நாளைக்கே நகல் எடுத்துவிடுகிறேன். போய் வந்ததும் எழுதுகிறேன்.